சின்னதாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் போடுகிறவர்களுக்கு: காகிதம் முதலில், பிளான் அப்புறம்

பி.ஆர்க் முடித்து இரண்டு மூன்று வருடம் யாரிடமாவது வேலை பார்த்துவிட்டு, சொந்தமாக ஆபீஸ் போடலாம் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவரிலிருந்து நாலு பேர் வரை உள்ள ஆபீஸ், சென்னைக்கு வெளியே ஒரு தமிழ்நாட்டு ஊர், தனி வீடுகள், கிளினிக், கடை இன்டீரியர். இந்த அளவுக்குத்தான் நான் பேசப் போகிறேன். டிசைன் உங்களுக்குத் தெரியும். பில் எப்போது போடுவது, எந்தப் பணத்தை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. நான் ஆடிட்டர் ஆபீஸுக்கும் வங்கிக்கும் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். வரிசையை மாற்றினால் அலைச்சல் கூடும்.

1. போர்டு எழுதும் முன் கவுன்சில் பதிவு

1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டுக்கொள்ளலாம். கவுன்சில் தரும் ‘சிஏ’ பதிவு எண்ணை டிராயிங்கிலும் லெட்டர்ஹெட்டிலும் போடுங்கள். புதுப்பித்தல் தேதியைப் போனில் குறித்து வையுங்கள். பணம் கட்டாமல் விட்டால் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். வங்கிக் கடனுக்காக டிராயிங்கில் சீல் கேட்கும்போதுதான் பலருக்கு அது தெரியவரும்.

இன்டீரியர் டிசைன் மட்டும் படித்தவரா நீங்கள்? அதற்கென்று இந்தியாவில் உரிமச் சட்டம் எதுவும் இல்லை, தாராளமாகத் தொழில் செய்யலாம். கட்டட வடிவமைப்பு வேலையைப் பதிவில்லாதவர் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை, அந்தப் பட்டப்பெயரைத்தான் தடுக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆகவே விசிட்டிங் கார்டில் ‘டிசைனர்’, ‘டிசைன் ஸ்டூடியோ’ என்று போடுங்கள். ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற சொல் மட்டும் எங்கும் வரக் கூடாது.

பதிவு பெற்றவர்களுக்கு 1989ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் உண்டு. விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு, வேலை பிடித்துத் தருகிறவருக்குக் கமிஷன் தரத் தடை, இன்னொரு ஆர்க்கிடெக்ட் கையில் இருக்கும் வேலையைத் தட்டிப் பறிக்கத் தடை எல்லாம் அதில் இருக்கிறது. சைட்டில் வைக்கும் பெயர்ப் பலகையின் எழுத்து 10 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பதுவரை எழுதியிருக்கிறார்கள். ஒரு மாலை உட்கார்ந்து முழுதாகப் படித்துவிடுங்கள்.

2. தனியாகவா, கூட்டாகவா

முதல் இரண்டு வருடத்துக்குத் தனிநபர் நிறுவனமே போதும் என்பது என் கருத்து. செலவு கிட்டத்தட்ட இல்லை, உங்கள் பான் எண்ணே தொழிலின் எண்.

நண்பரோடு சேர்ந்து தொடங்கினால் பார்ட்னர்ஷிப் பத்திரம் எழுதி, ஃபர்ம் பதிவையும் செய்துவிடுங்கள். பத்திரம் மட்டும் எழுதிப் பதிவு செய்யாமல் விட்டால், பணம் தராத கிளையன்ட் மீது ஃபர்ம் பெயரில் வழக்குப் போட முடியாது. இன்னொன்று: ஃபர்ம் பெயரில் ‘ஆர்க்கிடெக்ட்ஸ்’ என்று வர வேண்டுமானால் பார்ட்னர்கள் எல்லோருமே கவுன்சிலில் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும். கணவர் ஆர்க்கிடெக்ட், மனைவி இன்டீரியர் டிசைனர் என்று இருக்கும் ஆபீஸ்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. போர்டு, லெட்டர்ஹெட், வங்கிக் கணக்கு எல்லாம் மாற்ற வேண்டிவரும். எல்எல்பி, பிரைவேட் லிமிடெட் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஆர்க்கிடெக்ட் பட்டப்பெயரை அவற்றோடு சேர்த்துப் பயன்படுத்துவதைக் கவுன்சில் ஏற்பதில்லை.

3. இனிஷியலைச் சரிசெய்துவிட்டு கரண்ட் அக்கவுன்ட்

நம் ஊர் சிக்கலே இதுதான். டிகிரி சான்றிதழில் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால், பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் முழுப்பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று மனிதருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. எந்தப் பதிவுக்கும் போகும் முன் ஆதார், பான் இரண்டிலும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒன்றாக்குங்கள். சில வாரங்கள் போகும். போகட்டும்.

அப்புறம் உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம், சான்றிதழ் மெயிலில் வந்துவிடும். இது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வரும் சில தனியார் தளங்கள் அரசுத் தளம் மாதிரியே தோற்றமளித்து ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். இணைய முகவரியின் முடிவில் ‘.gov.in’ இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வங்கிகளில் கரண்ட் அக்கவுன்ட் தொடங்கத் தொழில் நடப்பதற்கு இந்தச் சான்றிதழையே ஆதாரமாக எடுத்துக்கொள்கிறார்கள். மினிமம் பேலன்ஸ் வங்கிக்கு வங்கி மாறும், கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

உள்ளாட்சிக்குக் கட்டும் தொழில்வரி அரையாண்டுக்கு ஒருமுறை. வருடத்துக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

4. ஜிஎஸ்டி: எப்போது, எவ்வளவு

நிதியாண்டில் உங்கள் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். உங்கள் பான் எண்ணில் வரும் எல்லாமே இதில் சேரும். மாடி வாடகை சேரும், கல்லூரியில் சம்பளமாக இல்லாமல் தொழில்முறைக் கட்டணமாகத் தரும் விசிட்டிங் ஃபேகல்டி தொகையும் சேரும். பதிவுக்கு அரசுக் கட்டணம் கிடையாது. வீட்டிலேயே ஆபீஸ் என்றால், வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தரும் சம்மதக் கடிதமும் அவர் பெயரில் உள்ள சொத்துவரி ரசீதோ ஈபி பில்லோ வேண்டும். ஈபி இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் சொத்துவரி ரசீதைக் கொடுங்கள். ஆதார் சரிபார்ப்பு சரியாக நடந்தால் ஒரு வாரம் பத்து நாளில் எண் வந்துவிடும். நேரில் பார்க்க வருவார்கள் என்றால் ஒரு மாதம்வரை இழுக்கும்.

டிசைன் கட்டணத்துக்கு வரி 18 சதவீதம். 2.25 லட்சம் கட்டணத்துக்கு 40,500 ரூபாய். வீடு கட்டுகிறவருக்கு இந்தத் தொகை எங்கும் திரும்பக் கிடைக்காது, அதனால் கடைசியில் சொன்னால் சண்டைதான் வரும். முதல் கொட்டேஷனிலேயே ‘ஜிஎஸ்டி தனி’ என்று எழுதிவிடுங்கள். அட்வான்ஸுக்கும் வரி உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு பொறி: டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டுவிட்டால், கிளையன்ட் பணம் தந்தாரோ இல்லையோ, நீங்கள் வரியைக் கட்டியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் புரோஃபார்மா (தர வேண்டிய தொகையைச் சொல்லும் தாள், டாக்ஸ் இன்வாய்ஸ் அல்ல) அனுப்புங்கள், பணம் வரட்டும், இன்வாய்ஸ் போட்டு டிராயிங்கைக் கொடுங்கள். டிராயிங்கைக் கொடுத்த பிறகு இன்வாய்ஸைத் தள்ளிப்போடச் சட்டம் இடம் தராது. ஆகவே ‘பணம் வந்த பிறகு டிராயிங்’ என்ற வரிசைதான் உங்களைக் காப்பாற்றும்.

வருமான வரியில் ஆர்க்கிடெக்ட்டுக்கும் இன்டீரியர் டிசைனருக்கும் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஆடிட்டர்கள் ‘44 ஏடிஏ’ என்று சொல்வார்கள். வருட வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், ஒவ்வொரு செலவுக்கும் கணக்குப் புத்தகம் வேண்டாம். ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் வரம்பு 75 லட்சம். இந்த வழியில் போகிறவர்கள் அட்வான்ஸ் டாக்ஸை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்ட வேண்டும். கம்பெனி கிளையன்ட்கள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிப்பார்கள். ஜிஎஸ்டி தொகையை இன்வாய்ஸில் தனி வரியாகக் காட்டினால் அதன் மேல் பிடிக்க மாட்டார்கள். பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

5. கட்டணம்: சதுர அடியைக் கேட்டவுடன் விலை சொல்லாதீர்கள்

“சதுர அடிக்கு எவ்வளவு சார்?” என்று போனிலேயே கேட்பார்கள். சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1,800 சதுர அடி வீடு, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 என்றால் 45 லட்சம். 5 சதவீதம் கட்டணம் என்றால் 2.25 லட்சம், அதாவது சதுர அடிக்கு 125 ரூபாய். இதில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு 25,000, வெளியே கொடுத்துச் செய்யும் 3டிக்கு 15,000, பெட்ரோல், பிரிண்ட் எல்லாம் சேர்த்து 20,000. மீதி 1.65 லட்சம். வீடு முடிய 15 மாதம் ஆனால் மாதத்துக்கு 11,000 ரூபாய்.

இப்போது ஆபீஸ் செலவு: வாடகை 12,000, டிராஃப்ட்ஸ்மேன் 20,000, கரண்டும் இன்டர்நெட்டும் 4,000, சாஃப்ட்வேர் மாதக் கணக்கில் 4,000, ஆடிட்டர் 3,000, வண்டி 5,000. மொத்தம் 48,000. அப்படியானால் உங்கள் சம்பளத்தை விட்டுவிட்டு, கதவைத் திறந்து வைக்கவே ஐந்து வீடு ஒரே நேரத்தில் ஓட வேண்டும். பக்கத்துத் தெருவில் சதுர அடிக்கு 40 ரூபாய்க்குப் பிளான் போடுகிறார்கள் என்று கிளையன்ட் சொல்லும்போது, இந்தக் கணக்கு உங்கள் மனதில் இருக்க வேண்டும். அவர்கள் அனுமதிக்கான பிளான் மட்டும் தருகிறார்கள், நீங்கள் எலக்ட்ரிகல், பிளம்பிங், ஜன்னல் விவரம், சைட் விசிட்வரை தருகிறீர்கள். அதைத் தாளில் பிரித்து எழுதிக் காட்டுங்கள்.

சாஃப்ட்வேரில் திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். ஆபீஸ் இணையத்தில் இணைந்திருக்கும்போது நிறுவனங்கள் கண்டுபிடித்து நோட்டீஸ் அனுப்புகின்றன. 2டி மட்டும் போதுமென்றால் விலை குறைந்த கேட் மென்பொருள்கள் இருக்கின்றன. 3டிக்கு பிளெண்டர் இலவசம்.

6. ஒப்பந்தம்: இரண்டு பக்கம் போதும், ஆனால் கையெழுத்து வேண்டும்

சொந்தக்காரர், அப்பாவின் நண்பர், கூடப் படித்தவர். முதல் கிளையன்ட்கள் இவர்கள்தான். இவர்களிடம்தான் எழுதி வாங்கக் கூச்சமாக இருக்கும், இவர்களிடம்தான் கட்டாயம் எழுதி வாங்க வேண்டும். “எல்லாருக்கும் இதே ஃபார்மட்தான் மாமா” என்று சொல்லி நீட்டுங்கள். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நான் பயன்படுத்தும் கட்டண வரிசை: ஒப்புக்கொள்ளும்போது 15 சதவீதம், கான்செப்ட் பிளான் முடிவானதும் 20, அனுமதி டிராயிங்குக்கு முன் 20, வொர்க்கிங் டிராயிங்குக்கு முன் 30, கட்டுமானம் நடக்கும்போது இரண்டு தவணையாக 15. வேலைப்பளு எல்லாம் வொர்க்கிங் டிராயிங் வரைக்கும்தான், அதனால் 85 சதவீதம் அதற்குள் வந்துவிட வேண்டும். கவுன்சிலின் அட்டவணை முன்பணத்தைக் குறைவாகவும் கடைசித் தவணைகளை அதிகமாகவும் வைத்திருக்கிறது. சின்ன ஆபீஸுக்கு அது தாங்காது.

சேர்க்க வேண்டிய வரிகள்: எத்தனை மாற்றம் இலவசம் (நான் கான்செப்டில் மூன்று), அதற்கு மேல் எவ்வளவு. எத்தனை சைட் விசிட், எந்தெந்தக் கட்டத்தில்: மார்க்கிங், பிளிந்த் பீம், லிண்டல், ரூஃபுக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போடும் முன், சுவரில் பைப் பதிக்கும்போது, டைல்ஸ் தொடங்கும் நாள். அரசுக் கட்டணங்களைக் கிளையன்ட் நேரடியாகக் கட்ட வேண்டும். வேலை பாதியில் நின்றால் அதுவரை செய்ததற்கான தொகை. டிராயிங்கின் காப்புரிமை உங்களுடையது, இந்த ஒரு மனைக்கு மட்டும் அவர் பயன்படுத்தலாம்.

வாஸ்துவைத் தனியாக எழுதுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே விஷயமே இல்லை. வொர்க்கிங் டிராயிங் முடிந்த பிறகு ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்து சமையலறையைத் தென்கிழக்குக்கு மாற்றச் சொன்னால் முழு பிளானும் போச்சு. ‘வாஸ்து, மனையடி பார்க்க விரும்பினால் கான்செப்ட் கட்டத்திலேயே பார்த்துக் கையெழுத்திட வேண்டும்’ என்று ஒரு வரி போடுங்கள். மனையடி அளவு சொன்னால், உள் அளவா வெளி அளவா, பூச்சுக்கு முன்னா பின்னா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செங்கலுக்குச் செங்கல் 11 அடி விட்டால், இரு பக்கமும் 12 மில்லிமீட்டர் பூச்சு ஏறியதும் 10 அடி 11 அங்குலம்தான் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு முன்தினம் யாராவது டேப் வைத்து அளப்பார்கள்.

7. மனைப் பத்திரம் பார்க்காமல் கோடு போடாதீர்கள்

முதல் சந்திப்பிலேயே கிரயப் பத்திரம், பட்டா, எஃப்எம்பி வரைபடம் (அரசின் நில அளவை வரைபடம்), லேஅவுட் அனுமதி, வில்லங்கச் சான்று ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பட்டாவும் எஃப்எம்பியும் ஆன்லைனிலேயே கிடைக்கும். அப்புறம் நீங்களே போய் மனையை அளங்கள், நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும். பத்திரத்தில் 30க்கு 40 என்று இருக்கும், தரையில் ஒரு பக்கம் 29 அடி 4 அங்குலம் நிற்கும். அந்த எட்டு அங்குலத்தில் உங்கள் பக்கவாட்டு இடைவெளி காலி. எது குறைவோ அதை வைத்து பிளான் போடுங்கள்.

‘பஞ்சாயத்து அப்ரூவ்ட் மனை’ என்று சொன்னால் உஷாராகுங்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதியோ, அனுமதியில்லாத மனையைப் பிறகு முறைப்படுத்தும் மனை வரன்முறை ஆணையோ இல்லாமல் கட்டட அனுமதி வராது. வரன்முறைக்கு 2016 அக்டோபர் 20 என்ற தேதி முக்கியம். அதற்கு முன் மனையாக விற்பனையானதா என்று பத்திரத்தில் பாருங்கள். இதை முடிப்பது கிளையன்ட்டின் வேலை, முடியும்வரை நீங்கள் காத்திருங்கள்.

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் மாடியுமோ கட்டும் வீட்டுக்கு ஒற்றைச் சாளரத் தளத்தில் உடனே அனுமதி கிடைக்கும். முன்கூட்டி ஆய்வு கிடையாது. ஆய்வு இல்லை என்பதால் பொறுப்பு முழுக்க விண்ணப்பிப்பவர் தலையில். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளை மீறிய பிளானை ஏற்றிவிட்டு “உடனே அப்ரூவல் வந்துடுச்சு” என்று சந்தோஷப்பட வேண்டாம். கிளினிக், கடை இதற்குள் வராது. அவற்றுக்கு வழக்கமான வழிதான், மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். உள்ளாட்சியில் கட்டட வல்லுநராகப் பதிவு செய்துகொள்வதை ஆபீஸ் தொடங்கிய மாதமே முடித்துவிடுங்கள்.

8. இன்டீரியர்: பொருள் பணத்தை உங்கள் கணக்கில் விடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

“நீங்களே எல்லாம் பண்ணிக் கொடுத்துடுங்க” என்று கிளையன்ட் 12 லட்சத்தை அனுப்புவார். அதில் உங்கள் கட்டணம் 2 லட்சம், மீதி 10 லட்சம் பிளைவுட், ஹார்டுவேர், கார்பெண்டர் கூலி. இப்படி இரண்டு வேலை செய்தால் வரவு 24 லட்சம், ஜிஎஸ்டி வரம்பைத் தாண்டியாச்சு. கையில் நின்றது 4 லட்சம். இதையே 44 ஏடிஏ கணக்கில் சேர்த்தால் 24 லட்சத்தில் பாதி, 12 லட்சம், உங்கள் லாபமாகிவிடும். கார்பெண்டர் பாதியில் ஓடினாலும் லேமினேட் பெயர்ந்தாலும் பொறுப்பும் உங்களுடையது.

தொடக்கத்தில் டிசைன், மேற்பார்வை மட்டும் செய்யுங்கள். பொருளைக் கடையில் கிளையன்ட் பெயரிலேயே பில் போடச் சொல்லுங்கள், கூலியை அவரே கார்பெண்டருக்கு நேராகத் தரட்டும். டர்ன்கீ (பொருள், கூலி எல்லாம் சேர்த்து நீங்களே முடித்துத் தருவது) செய்துதான் ஆக வேண்டும் என்றால், அதைத் தனித் தொழிலாக, தனிக் கணக்கில் நடத்துவது பற்றி முதல் அட்வான்ஸ் வாங்கும் முன் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

டைல்ஸ் கடை, பிளைவுட் கடை, லைட் கடை எல்லாரும் ‘உங்களுக்கு இவ்வளவு’ என்று ஒரு சதவீதம் சொல்வார்கள். வாங்காதீர்கள். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கடையின் மட்டமான சரக்கைப் பற்றி உங்களால் வாய் திறக்க முடியாது. அந்த டிஸ்கவுன்டைக் கிளையன்ட் பில்லிலேயே கழிக்கச் சொல்லுங்கள். அடுத்த மூன்று வேலை அவர் சொல்லித்தான் வரும்.

கார்பெண்டர் கொட்டேஷனில் ‘சதுர அடி’ என்றால் எது என்று கேளுங்கள். ஒருவர் அலமாரியின் முன்பக்கத்தை மட்டும் அளப்பார், இன்னொருவர் உள்தட்டு, பக்கப் பலகை எல்லாவற்றையும் அளப்பார். விலை குறைவாகத் தெரிவது கடைசியில் கூடிவிடும். சமையலறைக்கு ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) பிளைவுட் என்று எழுதியிருந்தால், சைட்டில் இறங்கிய ஷீட்டில் ஐஎஸ்ஐ முத்திரையையும் அதன் உரிம எண்ணையும் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம் என்று காட்டும். வெட்டும் முன் பார்க்க வேண்டும், வெட்டிய பிறகு கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

9. சைட்டில் ஒரே டிராயிங்தான் இருக்க வேண்டும்

வாட்ஸ்அப்பில் பிளான் அனுப்புவது வசதிதான். ஆனால் கார்பெண்டர் போனில் மூன்று பிடிஎஃப் இருக்கும், அவர் முதலில் கண்ணில் பட்டதைத் திறப்பார். பிரிட்ஜுக்கு முதலில் 30 அங்குலம் விட்டிருப்பீர்கள், கிளையன்ட் டபுள் டோர் வாங்கியதால் 38 ஆக்கியிருப்பீர்கள். அலமாரி 30க்கு நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு தாளிலும் ஆர்0, ஆர்1 என்று எண்ணும் தேதியும் போடுங்கள். புதியதை ஏ3 பிரிண்ட் எடுத்து, கையெழுத்திட்டு, சைட் சுவரில் ஒட்டிவிட்டுப் பழையதை நீங்களே கிழித்து எடுத்து வாருங்கள். கிளையன்ட் போனில் சொல்லும் மாற்றத்தை அன்று மாலையே ‘இன்று நீங்கள் சொன்னபடி’ என்று எழுதி அனுப்பி, ‘சரி’ என்று பதில் வாங்குங்கள்.

10. ஆடி, மார்கழிக்குப் பணம் எடுத்து வையுங்கள்

இந்த இரண்டு மாதமும் பூமி பூஜை கிடையாது, புது அட்வான்ஸ் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சைட் நிற்கும், கட்டுமானத் தவணை தள்ளிப்போகும். தையிலும் ஆவணியிலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம். கையில் ஆறு மாதச் செலவு, மேலே சொன்ன கணக்கில் சுமார் 2.9 லட்சம், இல்லாமல் வேலையை விட்டு வர வேண்டாம். ஆள் சேர்ப்பதைத் தை முடிந்து முடிவு செய்யுங்கள். இன்டர்ன் எடுத்தால் உதவித்தொகை கொடுங்கள். பத்துப் பேர் ஆகும்வரை இஎஸ்ஐ, இருபது பேர் ஆகும்வரை பிஎஃப் கட்டாயமாகாது.

11. வராத பணத்துக்கு

கம்பெனி, மருத்துவமனை, ஹோட்டல் மாதிரி கிளையன்ட்களின் பர்ச்சேஸ் ஆர்டரில் ‘90 நாள்’ என்று இருக்கும். உத்யம் பதிவு உள்ள சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் தர வேண்டும் என்பது சட்டம், எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி, அதோடு பணத்தைத் தரும்வரை அந்தச் செலவை அவர்கள் வருமான வரிக் கணக்கில் கழிக்கவும் முடியாது. இன்வாய்ஸின் கீழே உங்கள் உத்யம் எண்ணையும் இந்த 45 நாள் வரியையும் அச்சடித்துவிடுங்கள். நிதியாண்டு முடியும் நேரத்தில் அவர்களுடைய ஆடிட்டரே பணத்தை அனுப்பச் சொல்வார். ஆனால் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருக்க வேண்டும், பிறகு செய்தால் வாதத்துக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

அப்படியும் வரவில்லை என்றால் எழுத்தில் நினைவூட்டல், பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ், பிறகு சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் புகார். பணம் சேர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம்தான் வழக்குக்கான காலம், பேசிப் பேசியே அதைக் கடத்திவிடாதீர்கள். ஒப்பந்தம், இன்வாய்ஸ், ‘சரி’ என்று வந்த பதில்கள், சைட் போட்டோ நான்கையும் வேலைக்கு ஒன்றாக ஃபோல்டர் போட்டு வையுங்கள். வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.